ஊருக்கொரு டாக்டர் சங்கம்: கிளையா, தனியா, இருப்பதே போதுமா?

எங்கள் ஊரில் அலோபதி டாக்டர்கள் 43 பேர் இருக்கிறோம். தாலுகா தலைநகர். ஒரு அரசு மருத்துவமனை, படுக்கை போட்ட தனியார் மருத்துவமனைகள் 7, மற்றதெல்லாம் சாயங்காலம் ஆறு மணிக்கு ஷட்டர் தூக்கும் கிளினிக்குகள். இந்த 43 பேரில் 31 பேர் இந்திய மருத்துவச் சங்கத்தின் மாவட்டத் தலைநகர்க் கிளையில் ஆயுள் உறுப்பினர்கள். ஐஎம்ஏ என்றால்தான் எல்லாருக்கும் புரியும், இனி அப்படியே எழுதுகிறேன். அந்தக் கிளையின் ஹால் இங்கிருந்து 42 கிலோமீட்டர். கூட்டம் இரவு எட்டரைக்கு என்று போடுவார்கள், ஒன்பதே காலுக்குத் தொடங்கும். சாப்பிட்டுவிட்டு வீடு திரும்பினால் மணி பன்னிரண்டரை. போன வருஷம் முழுவதும் எங்கள் ஊரிலிருந்து அங்கே போனவர்கள் மூன்று பேர். அதில் ஒருவருக்கு அங்கே மாமியார் வீடு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் எங்கள் ஊர்க் குழந்தை மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் இரவு பதினோரு மணிக்குக் கண்ணாடியை உடைத்தார்கள். கிளைச் செயலாளருக்குப் போன் போட்டோம். எடுத்தார், பதறினார், "காலையில் எஸ்பியைப் பார்த்துவிடலாம் டாக்டர்" என்றார். அந்த நேரத்தில் அவரால் வேறென்ன செய்ய முடியும்? அதற்குள் எங்களில் 14 பேர் கிளினிக் வாசலில் போய் நின்றுவிட்டோம். ஸ்டேஷனில் புகார் எழுதும்போதுதான் சிக்கல். மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டிலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, ஜாமீனில் விட முடியாத குற்றம். அந்தச் சட்டத்தின் பெயர் 14 பேரில் ஒருவருக்குத்தான் ஞாபகம் இருந்தது, அவரும் மயக்கவியல் நிபுணர் என்பதால் கடைசியாகத்தான் வாயைத் திறந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடினோம். நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. என்ன மாதிரிச் சங்கம் என்றதும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். நான் வேறொரு ஊரில் இருந்தபோது அங்கே ஒரு கிளையில் மூன்று வருஷம் பொருளாளராக இருந்தவன். வாயைத் திறந்த பாவத்துக்கு, "எது நமக்குச் சரிப்படும்னு எழுதிக் கொடுங்க சார்" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். எங்களைப் போன்ற ஊர்கள் தமிழ்நாட்டில் நிறைய இருக்கும் என்பதால் அந்தக் குறிப்பைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். சங்கம் வேறு, கவுன்சில் வேறு. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டத்தின் பிள்ளை. அதில் பெயர் இல்லாமல் ஒருவர் இங்கே டாக்டர் தொழில் பார்க்க முடியாது. ஒழுங்கு தவறினால் பெயரை நீக்கும் அதிகாரமும் அதற்குத்தான். சங்கத்துக்கு அப்படி எந்த அதிகாரமும் கிடையாது. சேர்வதும் விலகுவதும் நம் விருப்பம், சங்கம் ஒருவரை நீக்கினாலும் அவர் மறுநாள் காலை வழக்கம்போல ஊசி போடலாம். எங்கள் கூட்டத்திலேயே ஒரு சீனியர், "போலி டாக்டர் மேல சங்கம் நடவடிக்கை எடுக்கும்" என்றார். சங்கம் புகார் கொடுக்கும், நடவடிக்கை எடுக்காது. இந்த வித்தியாசம் தெரியாமல் சங்கம் ஆரம்பித்தால் ஆறாவது மாதத்தில் எல்லாருக்கும் ஏமாற்றம் வரும்.

இனி வாய்ப்புகளுக்கு வருகிறேன். எங்கள் முன்னால் உருப்படியாக இருப்பவை மூன்று: மாவட்டக் கிளையிலேயே தொடர்வது, ஐஎம்ஏவின் கீழ் எங்கள் ஊருக்கென்று புதுக் கிளை வாங்குவது, யாரோடும் சேராமல் சொந்தச் சங்கம் பதிவு செய்வது. இவை தவிர டிரஸ்ட், பிசிஷியன்களுக்கு மட்டுமான அமைப்பு, வெறும் வாட்ஸப் குழு என்று மூன்று யோசனைகள் வந்தன. அவற்றைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

டிரஸ்ட் யோசனை எங்கள் ஊர் ஆடிட்டரிடமிருந்து வந்தது. பத்திரம் எழுதி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால் முடிந்தது, வருஷாவருஷம் தேர்தல், பொதுக்குழு என்ற தொல்லை இல்லை என்றார். அவர் வசதி என்று சொன்னதைத்தான் நான் ஆபத்து என்கிறேன். டிரஸ்டில் உறுப்பினர் என்று யாரும் இல்லை, டிரஸ்டிகள்தான். அவர்களை ஓட்டுப் போட்டு இறக்க முடியாது. இலவச டயாலிசிஸ் மையம் நடத்த டிரஸ்ட் நல்ல வடிவம். 43 பேர் தங்களுக்குள் கூடிப் பேசி முடிவெடுக்க அது உதவாது.

பிசிஷியன் அமைப்பு என்றது எம்டி முடித்த இளைஞர் ஒருவர். பிசிஷியன் என்றால் நம் ஊரில் பொது மருத்துவத்தில் எம்டி முடித்தவர் என்றுதான் அர்த்தம், எல்லா டாக்டரும் இல்லை. அவர் மனதில் இருந்தது இந்தியப் பிசிஷியன்கள் சங்கம். 1944இல் தொடங்கியது, அதன் மாத இதழை எம்டி படிக்கும் எல்லாரும் புரட்டியிருப்பார்கள், வருடாந்திர மாநாட்டுக்கு நாடு முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கில் போகிறார்கள். படிப்புக்கு அதைவிட நல்ல அமைப்பு இல்லை. ஆனால் எங்கள் 43 பேரில் அதில் சேரும் தகுதி உள்ளவர்கள் 9 பேர். கண்ணாடி உடைந்தது குழந்தை மருத்துவர் கிளினிக்கில். அந்த 9 பேரும் தனியாக அதில் சேரட்டும், அதற்கும் ஊர்ச் சங்கத்துக்கும் போட்டி இல்லை.

வாட்ஸப் குழுவைப் பற்றிக் கிண்டலாகச் சொல்ல மாட்டேன். அன்று இரவு 14 பேரைக் கொண்டுவந்து நிறுத்தியது அதுதான், எந்தப் பைலாவும், அதாவது எழுதிவைத்த சங்க விதியும், இல்லை. ஆனால் குழுவின் பெயரில் வங்கிக் கணக்கு தொடங்க முடியாது, கலெக்டரிடம் மனு கொடுக்க முடியாது, வழக்கில் சேர முடியாது. அட்மின் கோபித்துக்கொண்டால் சங்கமே கலைந்துவிடும். குழு இருக்கட்டும், சங்கத்தின் வேலையை அதனிடம் கேட்க வேண்டாம்.

சரி, ஐஎம்ஏ. 1928இல் கல்கத்தாவில் அகில இந்திய மருத்துவச் சங்கம் என்று பிறந்து, 1930இல் இப்போதைய பெயருக்கு மாறிய அமைப்பு. 1860ஆம் ஆண்டின் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானது. தலைமையகம் டெல்லியில், நடுவில் மாநிலக் கிளைகள், அடியில் ஊர்க் கிளைகள் என்று மூன்று அடுக்கு. மூன்று லட்சத்துக்கும் மேல் உறுப்பினர்கள். நவீன மருத்துவத்தில் பட்டம் வாங்கிக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள்தான் சேரலாம். ஒரு டாக்டர் சேருவது ஊர்க் கிளையில்தான். அவர் கட்டும் பணம் மூன்றாகப் பிரிந்து ஒரு பங்கு கிளைக்கு, ஒரு பங்கு மாநிலத்துக்கு, ஒரு பங்கு டெல்லிக்குப் போகிறது. கணவன் மனைவி இருவரும் டாக்டர் என்றால் தம்பதி உறுப்பினர் என்று தனிக் கட்டணமே வைத்திருக்கிறார்கள். அந்த விஷயத்தில் நம் சமூகத்தை நன்றாகப் புரிந்துகொண்ட சங்கம்.

ஓட்டும் இதே ஏணியில்தான் ஏறுகிறது. ஊர்க் கிளையின் பொதுக்குழு தலைவர், செயலாளர், பொருளாளர், செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கிறது. உறுப்பினர் எண்ணிக்கைக்கு ஏற்ப மாநிலக் கவுன்சிலுக்கும் மத்தியக் கவுன்சிலுக்கும் பிரதிநிதிகளை அனுப்புகிறது. ஆகவே பெரிய கிளைக்குப் பெரிய குரல். இப்போது எங்கள் 31 பேரும் மாவட்டக் கிளையின் எண்ணிக்கையில் இருக்கிறோம். எங்களை வைத்துக் கணக்கிட்ட பிரதிநிதிகள் மாநிலக் கவுன்சிலில் உட்கார்ந்திருக்கிறார்கள், அதில் ஒருவர்கூட எங்கள் ஊர்க்காரர் இல்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. தேர்தல் நடக்கும் பொதுக்குழுவுக்கு நாங்கள் போகவில்லை, அவ்வளவுதான்.

இருப்பதிலேயே தொடர்வது என்ற வாய்ப்புக்கு ஒரு பெரிய பலம் உண்டு: செலவில்லை, வேலையில்லை. அதைக் கொஞ்சம் சீர்செய்யவும் முடியும். துணைத்தலைவர் பதவியில் ஒன்றை எங்கள் ஊருக்கு ஒதுக்குங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தை இங்கே நடத்துங்கள் என்று கேட்கலாம். நான் பொருளாளராக இருந்த கிளையில் பக்கத்து ஊர்க்காரர்கள் இதைத்தான் கேட்டார்கள். கொடுத்தோம். முதல் வருஷம் ஒழுங்காக நடந்தது. இரண்டாம் வருஷம் புதுத் தலைவர் வந்தார், அந்த ஏற்பாடு யாருடைய ஞாபகத்திலும் இல்லை. பைலாவில் ஏறாத வாக்குறுதிக்கு ஒரு தலைவரின் பதவிக்காலம்தான் ஆயுள்.

புதுக் கிளை என்றால் விண்ணப்பம் மாநிலக் கிளை வழியாகத்தான் போக வேண்டும். தாய்க் கிளையோடு முகம் கோணாமல் பேசி முடித்துவிட்டுப் போவதுதான் புத்திசாலித்தனம். 31 பேர் பிரிந்தால் அவர்களுடைய எண்ணிக்கை குறையும், அதோடு பிரதிநிதி இடங்களும் குறையலாம், சும்மா விடமாட்டார்கள். கிடைத்துவிட்டால் நன்மை தெளிவாக இருக்கிறது. உறுப்பினர் எண் அப்படியே தொடரும், மாநிலக் கிளைகள் நடத்தும் குடும்பப் பாதுகாப்பு, வழக்கு உதவி போன்ற திட்டங்களில் இருப்பவர்கள் எதையும் இழக்க வேண்டாம். பொது மருத்துவர்களுக்கென்று ஐஎம்ஏ 1963இல் தொடங்கிய கல்லூரியின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது, எம்பிபிஎஸ்ஸோடு நிற்கும் எங்களில் பாதிப் பேருக்கு அதன் வகுப்புகள் பயன்படும்.

இதைவிடப் பெரியது, நீதிமன்றமும் அரசும் காது கொடுக்கும் பெயர் அது என்பது. மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்ற வழக்கை 1995இல் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது ஐஎம்ஏதான். தோற்றது, நமக்கெல்லாம் நன்றாகவே தெரியும். இருந்தாலும் அந்தத் தீர்ப்பில்தான் முழுக்க இலவசமாகப் பார்க்கும் இடங்களுக்கு விலக்கு என்பது போன்ற எல்லைகள் தெளிவாயின. அண்மையில் இன்னொன்று. உறுப்பினர்களுக்காகக் கேரள மாநிலக் கிளை நடத்தும் பரஸ்பர உதவித் திட்டங்களுக்கு ஜிஎஸ்டி கேட்டார்கள். சங்கமும் உறுப்பினரும் இரண்டு வேறு ஆட்கள் அல்ல, தனக்குத்தானே ஒருவர் சேவை விற்க முடியாது என்ற வாதத்தை ஏற்று, அந்த வரிக்கு வழிசெய்த பிரிவுகளை 2025 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச் ரத்து செய்தது. நம் 43 பேர் சேர்ந்து அப்படியொரு வழக்கு நடத்தினால் வக்கீல் ஃபீஸுக்கே கிளினிக்கை அடகு வைக்க வேண்டும்.

பெரிய குடைக்கு விலையும் உண்டு. மேலே எடுக்கும் முடிவு நம்மைக் கேட்டு எடுப்பதில்லை. 2008இல் டெல்லித் தலைமை ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் பழச்சாறுக்கும் ஓட்ஸுக்கும் சங்கத்தின் பெயரைக் கொடுத்தது. பிறகு, அப்போது நாடு முழுவதற்குமான கவுன்சிலாக இருந்த இந்திய மருத்துவக் கவுன்சில் அதற்காக நடவடிக்கை எடுத்தது. நாடு முழுக்கக் கிளைகளில் இருந்தவர்களுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை, வெட்கத்தில் மட்டும் பங்கு கிடைத்தது. அதேபோல 2024 ஆகஸ்ட் 17 அன்று, கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டதைக் கண்டித்து நாடு முழுவதும் 24 மணி நேரம் அவசரமல்லாத சிகிச்சைகளை நிறுத்தச் சொன்னபோது, எங்கள் ஊரில் யார் மூடுவது, யார் திறப்பது என்று முடிவு செய்ய ஓர் அமைப்பே இல்லை. நாலு பேர் மூடினார்கள், மற்றவர்கள் பாதி ஷட்டரில் பார்த்தார்கள். அந்த நாள் ஊர்க் கிளை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. அரசு மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு நடத்தை விதிகள் வேறு, அவர்களுக்கென்று சங்கங்களும் வேறு. அவர்களையும் மனதில் வைத்துத்தான் ஊர்க் கிளை பேச வேண்டியிருக்கும்.

இனி நான் மூன்று வருஷம் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டியதால் மட்டுமே தெரிந்த விஷயத்துக்கு வருகிறேன். ஆயுள் உறுப்பினர் முறை கிளையின் கழுத்தை மெதுவாக நெரிக்கும். ஒருவர் வாழ்நாளில் ஒருமுறை பணம் கட்டுகிறார், அது மூன்றாகப் பிரிகிறது. அதன்பிறகு முப்பது வருஷம் அவர் கூட்டத்துக்கு வருவார், சாப்பிடுவார், கேள்வி கேட்பார், எல்லாம் அவர் உரிமை. கிளைக்கு அவரிடமிருந்து வருஷச் சந்தா ஒரு பைசா வராது. புது ஆட்கள் சேரும்வரை ஓடும், ஊரில் எல்லாரும் சேர்ந்து முடித்ததும் வருமானம் நின்றுவிடும். செலவு நிற்காது. மாதாமாதம் ஹோட்டல் ஹால், இரவுச் சாப்பாடு, வருஷம் ஒருமுறை பதவியேற்பு விழா, டாக்டர்கள் தினம்.

இடைவெளியை நிரப்ப மருந்துக் கம்பெனி வரும். நான் இருந்த கிளையில் பெரும்பாலான மாதங்களில் ஹோட்டல் பில் நேராகக் கம்பெனி பெயரில் போய்விடும். எங்கள் கணக்கைப் பார்த்தால் அந்தக் கூட்டங்கள் நடந்ததற்கு அடையாளமே இருக்காது. பேச்சாளர் யார், தலைப்பு என்ன என்பதைக் கம்பெனியின் ஏரியா மேனேஜர் செயலாளரிடம் "சஜஸ்ட்" செய்வார். யாரும் லஞ்சம் வாங்கவில்லை, எல்லாரும் நல்லவர்கள். ஆனால் ஒரு வருஷம் முழுக்க எங்கள் கிளையில் சர்க்கரை நோய்க்கு வந்த புது மாத்திரைகளைப் பற்றி ஐந்து கூட்டம் நடந்தது, காசநோயைப் பற்றி ஒன்றுகூட நடக்கவில்லை. எங்கள் புறநோயாளிகளில் இரண்டும் இருந்தன.

சட்டமும் இங்கே கொஞ்சம் நெளிகிறது. டாக்டர்கள் மருந்துக் கம்பெனிகளிடம் பரிசு, பயணம், தங்குமிடம் வாங்கக் கூடாது என்று நடத்தை விதிகளில் 2009இல் சேர்த்தபோது, தலைப்பில் மருத்துவர் சங்கங்களும் இருந்தன. 2016இல் சங்கங்கள் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். தனி டாக்டர் வாங்கினால் தவறு, சங்கம் வாங்கினால் அந்த விதி தொடாது என்றாயிற்று. 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த மருந்து விற்பனை நடத்தை நெறி, கருத்தரங்குச் செலவுகளைக் கம்பெனிகள் வெளிப்படையாகக் காட்டச் சொல்கிறது. அது கம்பெனிக்கான கட்டுப்பாடு. நமக்கான கட்டுப்பாட்டை நாம்தான் பைலாவில் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில்தான் தனிச் சங்கக் கட்சிக்காரர்களுக்கு வேகம் வந்தது. எங்கள் ஊர் எலும்பு டாக்டர் அதன் தலைவர் மாதிரி. "நம்ம பணம் நம்ம ஊர்லயே இருக்கட்டும், டெல்லிக்கு எதுக்கு?" என்கிறார். 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். நோக்கக் குறிப்பு, துணைவிதிகள் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்க வேண்டும். கமிட்டியில் குறைந்தது மூன்று பேர், பதவிக்காலம் மூன்று வருஷத்தைத் தாண்டக் கூடாது, வருஷம் ஒருமுறை பொதுக்குழு, தணிக்கை செய்த கணக்கு. கமிட்டி மாறினால் ஏழாம் எண் படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் கேட்டால் 36ஆம் பிரிவின் கீழ் பதிவாளர் சங்கத்தின் நடவடிக்கைகளை விசாரிக்கலாம்.

படிக்க இது கறாராக இருக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது. சந்தா எவ்வளவு, யார் சேரலாம் என்பதையெல்லாம் நாமே முடிவு செய்யலாம். பல் டாக்டர்கள் 6 பேர், சித்த மருத்துவர்கள் 3 பேர் இருக்கிறார்கள், கண்ணாடி உடைந்த இரவில் அவர்களில் இருவர் வந்து நின்றார்கள். ஐஎம்ஏ கிளையில் அவர்களுக்கு இடமில்லை, தனிச் சங்கத்தில் தாராளமாகச் சேர்க்கலாம். இந்த வாதத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

ஆனால் படிவங்களைச் சொன்னேனே, அதைச் செய்யப்போவது யார்? கமிட்டி மாற்றத்தை இரண்டு வருஷம் தாக்கல் செய்யாமல் விட்டால், மூன்றாம் வருஷம் பதிவேட்டில் இருக்கும் கமிட்டி ஒன்று, நடைமுறையில் இருக்கும் கமிட்டி இன்னொன்று. வங்கியில் கையெழுத்து மாற்றப் போனால் பதிவாளர் சான்று கேட்பார்கள். அதற்குள் ஒருவர் ஊரை விட்டே போயிருப்பார். சண்டை வந்தால் யார் உண்மையான செயலாளர் என்று சிவில் கோர்ட்டில் போய் நிற்க வேண்டும். ஐஎம்ஏவில் தகராறு வந்தால் மாநிலக் கிளையிலிருந்து இரண்டு சீனியர்கள் காரில் வந்து, மதியம் சாப்பிட்டுவிட்டு, பேசித் தீர்த்துவிட்டுப் போவார்கள். இது எந்த விதியிலும் இல்லை, ஆனால் நடக்கிறது. தனிச் சங்கத்துக்கு அப்படி மேலே ஆள் இல்லை. சின்ன ஊரில், ஒருவருக்கொருவர் கேஸ் அனுப்பிப் பிழைக்கும் 43 பேருக்குள் சண்டை வந்தால் தீர்த்துவைக்க வெளியாள் ஒருவர் வேண்டும்.

தொடர்கல்வி மணிக்கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு டாக்டர் ஐந்து வருஷத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி வகுப்பில் உட்கார வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளில் இருக்கிறது. நாம் நடத்தும் வகுப்புக்கு மணி சேர வேண்டுமென்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலிடம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கவுன்சிலுக்குப் பழகிய பெயரில் போவதற்கும், போன மாதம் பதிவான சங்கத்தின் லெட்டர்பேடில் போவதற்கும் வித்தியாசம் இருக்கும் என்பது என் அனுமானம்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு புதுக் கிளைக்கு. ஆனால் நான் இருந்த கிளையைப் போல ஒன்று வேண்டாம். ஐஎம்ஏவின் விதிகளுக்கு முரண்படாமல், ஊர்க் கிளையின் சொந்த விதிகளில் தொடக்கத்திலேயே சில விஷயங்கள் ஏற வேண்டும். ஆயுள் உறுப்பினராக இருந்தாலும் ஊர்க் கிளைக்கென்று வருஷச் சந்தா 2,000 ரூபாய். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, ஹோட்டலில் வேண்டாம், பள்ளிக்கூட ஹால் போதும். இட்லி, பொங்கல், காபி என்று தலைக்கு 150 ரூபாய் வைத்தால், 40 பேருக்கு மாதம் 6,000, வருஷத்துக்கு 72,000. எங்கள் 43 பேரும் சேர்ந்து சந்தா கட்டினால் 86,000. மீதி 14,000 ஆடிட்டருக்கும் ஸ்டேஷனரிக்கும். கம்பெனி பணம் இல்லாமல் ஒரு சங்கம் நடக்க முடியாது என்று சொல்பவர்கள் ஒருமுறை இப்படிக் கூட்டிப் பார்க்கலாம். ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது, "சார், பொங்கலுக்கு யார் வருவா?" என்று ஒருவர் கேட்டார். வராதவர் வராமல் இருக்கட்டும்.

கம்பெனி கருத்தரங்கு நடத்த உதவுவதாக இருந்தால் பணம் கிளையின் வங்கிக் கணக்குக்குக் காசோலையாக வர வேண்டும், தலைப்பும் பேச்சாளரும் செயற்குழு முடிவு. தலைவர் பதவி ஒரு வருஷம், செயலாளர் இரண்டு வருஷம், பொருளாளர் செயலாளரோடு ஒரே வருஷத்தில் மாறக் கூடாது. யாருக்கும் ஒரே பதவியில் மூன்றாம் முறை கிடையாது. இந்தக் கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு வந்தது, அதுவும் எதிர்பாராத பக்கத்திலிருந்து: மூன்றாம் முறை நிற்க யாராவது முன்வந்தால் நாம் கோயில் கட்டிக் கும்பிட வேண்டும், தடை போடுவதாவது என்றார்கள். தலைவர் மாலை வாங்குவார், செயலாளர் திட்டு வாங்குவார் என்பது எல்லாச் சங்கத்துக்கும் பொருந்தும். ஆனாலும் விதி இருக்கட்டும் என்கிறேன். பத்து வருஷம் ஒருவரே செயலாளராக இருந்த சங்கத்தில், அவர் போனபிறகு மினிட்ஸ் புத்தகம் எங்கே என்று தேடிய அனுபவம் எனக்கு உண்டு. அவர் வீட்டுப் பரணில், பழைய எக்ஸ்ரே ஃபிலிம்களுக்கு அடியில் இருந்தது.

இடம், கட்டடம் வாங்கும் ஆசை இப்போதே இரண்டு பேருக்கு இருக்கிறது. ஹால் கட்டினால் அது யார் பெயரில், கிளை மூடினால் யாருக்குப் போகும் என்பதை வக்கீலை வைத்து எழுதி முடிக்கும்வரை ஒரு சென்ட் நிலம்கூட வாங்கக் கூடாது. பணம் இல்லாத சங்கத்தில் கருத்து வேறுபாடு வரும், சொத்து வந்த சங்கத்தில் வழக்கு வரும்.

பல் டாக்டர்களும் சித்த மருத்துவர்களும் கிளையில் சேர முடியாது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அவர்களையும் சேர்த்த அந்த வாட்ஸப் குழுவை அப்படியே தொடர வேண்டும், இரவு பதினோரு மணிக்கு யார் எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்பதற்கு மட்டும். 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரையும் புகாரின் மாதிரியையும் அதில் பின் செய்து வைத்திருக்கிறோம். மயக்கவியல் நிபுணர்தான் டைப் செய்து கொடுத்தார்.

மாநிலக் கிளை மறுத்தால் அல்லது வருஷக்கணக்கில் இழுத்தால்? அப்போது எலும்பு டாக்டர் சொல்வதே வழி. ஐஎம்ஏ உறுப்பினர் எண்ணை யாரும் விட வேண்டாம், மாவட்டக் கிளையில் இருந்துகொண்டே தனிச் சங்கத்தையும் பதியலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை. அந்த நிலைமைக்கும் சேர்த்துத்தான் விதிகளை எழுதிக்கொண்டிருக்கிறேன், பெயரை மட்டும் மாற்றினால் இரண்டுக்கும் பொருந்தும்.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு, பொங்கலோடு, ஓட்டெடுப்பு. விண்ணப்பத் தாளில் முதல் பக்கம் நிரப்பியாகிவிட்டது. தலைவர் என்ற இடத்துக்கு நான்கு பெயர்கள் வந்திருக்கின்றன, பொருளாளர் இடத்தில் எலும்பு டாக்டர் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டார். செயலாளர் என்று அச்சிட்ட இடத்துக்கு எதிரே இன்னும் கோடு மட்டும்தான் இருக்கிறது.